வீட்டைப் பார்த்துச் சாயும் மரம்

வெள்ளம் மனித குலத்தின் ஆதிப் பகை. அதை வெல்லப் பிறந்ததே இந்த அணை. பள்ளத்தாக்கின் வாயிலில் நட்டிருந்த அரசாங்கப் பலகை அப்படித்தான் முழங்கியது. அமெரிக்காவின் டென்னசி மலைகளுக்கிடையே ஓடும் அந்த ஆறு சில வருடங்களுக்கு ஒருமுறை சோளக்கொல்லைக்குள் புகும். இரண்டு நாள் தங்கி, நாலு கோழிகளோடு திரும்பிப் போகும். இந்த அக்கிரமத்தை ஒழித்துக் கீழேயுள்ள பட்டணத்தைக் காப்பாற்ற, பள்ளத்தாக்கையே நிரந்தரமாகத் தண்ணீருக்குள் போட்டுவிடுவதென்று முடிவாகியிருந்தது.

விடியும்போதே ஹோபர்ட் ரம்பத்தின் ஒரு பிடியைப் பிடித்திருந்தான். மறுபிடியில் பக்கத்துக் குத்தகைக்காரன் ஆர்வில். பனியில் நனைந்த மரத்தூள் முழங்கால்வரை அப்பியது. தண்ணீர் நிற்கப்போகும் இடத்தில் மரமோ வீடோ மிஞ்சக் கூடாது; அதனால் முற்றத்து ஓக் மரத்தை வீட்டின் மேலேயே சாய்க்க உத்தரவு. ஒரே வெட்டில் இரண்டு வேலை முடியுமாம். அது ஹோபர்ட் குத்தகைக்கு இருந்த வீடு. நிலக்காரர் விற்றுவிட்டுப் பட்டணம் போய்விட்டார். குத்தகைக்காரனுக்கு மிஞ்சியது மரம் வெட்டும் கூலி. உள்ளே அவன் மனைவி, நிறைமாதக்காரி டெல்ஃபியா, சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

மரம் முக்கால்வாசி அறுபட்டபோது மேற்பார்வையாளர் ப்ரூயிட் வந்தார்.

"இன்னும் கெளம்பலையா?"

"எங்க போறதுங்கய்யா? மாத்து வீடு தர்றோம்னீங்களே."

"பட்டியல் மேல போயிருக்கு. உங்களுக்காகத்தான்யா அணையே. இனிமே வெள்ள பயமே கிடையாது."

"நெசந்தான். வீடே இல்லாதவனை வெள்ளம் என்ன பண்ணும்?"

ஆர்வில் சிரித்துவிட்டான்.

"இழுங்கடா! நீங்க இல்லேன்னா நூறு பேர் வெளிய நிக்கிறான்."

டெல்ஃபியா வாசலுக்கு வந்தாள். "ஏய்யா, ரொட்டி வேகட்டும். அப்புறம் தள்ளு. வெறும் வயித்தோட சாக வேணாம்."

ஹோபர்ட் பிடியை விட்டான். ஆர்வில் ஒருமுறை இழுத்துப் பார்த்தான், ரம்பம் நகரவில்லை. அவனும் விட்டான்.

"ஒத்த ஆளுக்கு இது ஓடாதுங்கய்யா. அந்தப் பக்கம் நீங்க பிடிக்கிறீங்களா?" என்று ப்ரூயிட்டைக் கேட்டான் ஆர்வில்.

சரிவெங்கும் ரம்பச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அங்கே மரம் வெட்டிய மற்ற குத்தகைக்காரர்களும் இறங்கி வந்து ஹோபர்ட்டின் பக்கத்தில் நின்றார்கள்; மொத்தம் இருபது பேர்.

"இருபது வீட்டுக்கும் எடம் காட்டுங்க. அதுவரைக்கும் ஒரு கிளை விழாது," என்றான் ஆர்வில்.

"போலீஸ் ஷெரீப்போட வர்றேன்!"

"வாங்க. அவருக்கு ரம்பம் பிடிக்கத் தெரியுமான்னு கேட்டுக் கூட்டியாங்க."

ப்ரூயிட் போனார். வீடு கிடைக்கவில்லை; வாக்குறுதிகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒருவனும் மறுபடி மரம் வெட்ட மலையேறிப் போகவில்லை.

பிறகு காற்று எழுந்தது. முக்கால்வாசி அறுபட்ட மரம் முனகி, வீட்டுப் பக்கம் சாயப் பார்த்தது. டெல்ஃபியாவைத் தூரத்தில் உட்கார வைத்துவிட்டு, மரத்தைச் சங்கிலியால் பின்மரங்களோடு இழுத்துக் கட்டி, கட்டைகளை முட்டுக் கொடுத்து, இருபது பேரும் இருட்டும்வரை மாறி மாறித் தாங்கினார்கள்.

வேலைநிறுத்தத்தின் முதல் நாளில் அவர்கள் செய்த அளவு வேலையை, கூலி வாங்கிய எந்த நாளிலும் செய்ததில்லை.