தண்ணீர் பட்டன்

முகம் தெரியாத எதையும் நான் நம்புவதில்லை. முகம் தெரிந்ததையும் அவ்வளவாக நம்புவதில்லை. டயர் தொழிற்சாலை வாசலில் முப்பத்தொரு வருடம் காவலுக்கு நின்றவன். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களின் பையையும் இடுப்பையும் தடவிப் பார்ப்பதுதான் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஒருவன் நடந்து வருகிற தினுசிலேயே அவன் எதையாவது செருகியிருக்கிறானா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

என் மகள் வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். கேமில் ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் ஒரு பெரிய ஆள் வழியை மறித்துக்கொண்டு நிற்பான். அவனுக்குப் பெயர் பாஸ். அவனைச் சாய்த்தால்தான் மேலே போக முடியும். அந்த ஆளைச் செய்வது என் மகளின் வேலை. சுலபமாகச் சாய்ந்துவிட்டால் யாரும் அவனை ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். சாயவே மாட்டான் என்றால் கேமையே தூக்கிப் போட்டுவிடுவார்களாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க ஒருத்தனைச் செய்ய எட்டு மாதமா என்று கேட்டேன். உங்களுக்குச் சொன்னால் புரியாது என்றாள். அதிலிருந்து எனக்கு உள்ளே ஓர் அரிப்பு.

ஒரு வியாழக்கிழமை காலை போன் செய்தாள். கேம் பழகாத வெளியாள் ஒருவர் உடனே வேண்டும், வரவேண்டியவர் வரவில்லை, நீங்கள் வாங்க. ஆனால் யார் கேட்டாலும் என் அப்பா என்று சொல்லாதீர்கள். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

போனேன். அங்கே வாசலில் ஒருத்தனும் என் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெயரை மட்டும் எழுதிக்கொண்டு கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டான். வாசலா அது.

நான்காவது மாடியில் ஜன்னல் இல்லாத அறை. ஒரு நாற்காலி, சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. பக்கத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் என் மகளும் இன்னும் நாலு பேரும் யாரோ போல நின்றார்கள். அவளுடைய மேலாளர், தாடி வைத்தவர், கன்ட்ரோலரைக் கையில் கொடுத்துப் பட்டன்களைக் காட்டினார். இது வெட்ட, இது உருண்டு தப்பிக்க, இது தண்ணீர் குடிக்க. அடிபட்டு உயிர் குறையும்போது இடுப்புக் குடுவையிலிருந்து ஒரு மடக்கு குடித்தால் உயிர் ஏறும். மொத்தம் மூன்று மடக்கு. ஒரு மணி நேரம் ஆனதும் மணி அடிக்கும், எழுந்து போகலாம் என்றார்.

டிவியில் பெரிய இரும்புக் கதவு. அதன் முன்னால் ஒரு காவல்காரன், தலையில் தொப்பி, கையில் சாவிக்கொத்து. நான் கிட்டே போனேன். ஒரே அடி. செத்தேன்.

நாலு தடவை செத்த பிறகு ஒன்று பிடிபட்டது. சாவிக்கொத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான் என்றால் அடுத்த அடி மேலிருந்து வரும். ஏழாவது சாவில் இன்னொன்று. வலது காலை இழுத்து வைத்தால் சுற்றி வளைக்கப் போகிறான். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் நானாகத்தான் இருந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

பத்தாவது தடவை என் கை நின்றுவிட்டது. அந்தக் காலை இழுக்கிற நடை என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் பாரம் ஏற்றிய தள்ளுவண்டி என் பாதத்தில் ஏறியதிலிருந்து நான் அப்படித்தான் நடக்கிறேன். சாவியைக் கை மாற்றுவதும் என் பழக்கம். கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று மட்டும் தப்பாக இருந்தது. அவன் தொப்பியோடு அடித்தான். நான் தொப்பியோடு ஒருத்தன் மேலும் கை வைப்பதில்லை.

அதைவிடப் பெரிய தப்பு தண்ணீரில் இருந்தது. எவ்வளவு தூரம் தள்ளி நின்று குடித்தாலும், குடுவை டிவியில் இருந்த என் ஆளின் வாய்க்குப் போகும் முன் காவல்காரன் மேலே வந்து விழுந்தான். ஒரு சைகை இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்று மடக்கையும் தீர்த்துவிட்டு, காலிக் குடுவையோடு மூலையில் நின்று தண்ணீர் பட்டனை அழுத்தினேன். என் ஆள் அசையக்கூட இல்லை. ஆனால் அந்தக் காவல்காரன் பாய்ந்து வந்தான்.

பிடித்துவிட்டேன். அவன் என் ஆளைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்க்கிறான்.

கன்ட்ரோலரை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தேன். கண்ணாடியைத் தட்டி, "இவன் திருட்டுப்பய. சீட்டாட்டத்துல எட்டிப் பாத்து ஆடுறவன். இவன்கூட எனக்கென்ன சண்டை?" என்றேன். தாடிக்காரர் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். மணி அடிக்க இன்னும் கால்மணி நேரம் இருந்தது.

கேன்டீனில் மகள் எனக்கு டீ வாங்கி வைத்தாள். தனக்கு வாங்கவில்லை. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். ஏழு வெளியாட்கள். மணி அடித்த பிறகும் எத்தனை பேர் எழுந்திருக்காமல் விளையாடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஜெயித்தானா தோற்றானா என்பதை யாரும் பார்ப்பதில்லை, நாற்காலியைத்தான் பார்ப்பார்கள். நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அந்தக் காவல்காரன் கேமில் இருப்பான். இல்லாவிட்டால் எட்டு மாத வேலையோடு குப்பைக்குப் போவான், அந்தக் கதவில் ஒரு பெரிய சிலந்தியை நிறுத்துவார்கள். மூன்று பேர் உட்கார்ந்தார்கள், மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். ஏழாவது ஆள் நான்.

முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் அது கணக்கில் சேராது என்றாள்.

"அந்த தண்ணி சமாச்சாரத்த ஏன் வெச்ச?"

அவர்கள் எல்லோரும் எட்டு மாதமாக அவனோடு மோதி மோதி அவனை மனப்பாடம் செய்துவிட்டார்களாம். அவன் சுலபமாகிவிட்டான் என்று தோன்றியதாம். அதனால் இறுக்கிக்கொண்டே போனார்களாம். கேமுக்குப் புதிதாக வருகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்பதே மறந்துபோயிருக்கிறது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அது மட்டும் காரணமில்லை என்றாள்.

"அது நீங்கதாம்பா."

"தெரியுது. நடையப் பாத்தாலே தெரியுது. ஆனா தண்ணி குடிக்கிறவன நான் தொட்டதே இல்ல."

"தொட்டீங்க," என்றாள். "எனக்கு ஒம்பது வயசு. சாப்பாடு கொண்டு வந்து வாசல்ல நின்னேன். குழாயில ஒருத்தர் குனிஞ்சு தண்ணி குடிச்சிட்டிருந்தார். பின்னாலேருந்து போய் காலரப் பிடிச்சீங்க. அவர் வாய் குழாயில இடிச்சு ரத்தம் வந்துச்சு. நான் பாத்த ஒரே பாஸ் நீங்கதான். அதுக்கப்புறம் எத்தன கேம் விளையாடியும் அந்த பயம் எதுலயும் வரல."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியை இந்தக் கையில் பிடித்தேன், அந்தக் கைக்கு மாற்றினேன். இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிரே வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு செருப்புக் கடை வாசலில் நின்று ஒன்றையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என்ன சைஸ் என்று கேட்டார். அங்கேயும் நிற்க முடியவில்லை. வந்த வழியே நடந்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் காவல் அறைக்குள் ஒரு ஆணி உண்டு. ஒருத்தனைச் சோதிக்கப் போவதற்கு முன் தொப்பியைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் வெளியே வருவேன். தொழிற்சாலைக்கே அது தெரியும். தொப்பி கழன்றால், இடுப்பில் எதையாவது செருகியிருப்பவன் இரண்டடி நகர்ந்து சாக்கடையில் போட்டுவிடுவான். நான் பார்க்காதது போல இருப்பேன். போட்டவன் அடுத்த நாளும் வேலைக்கு வருவான். என்னைத் திட்டுவான், ஆனால் வருவான்.

அந்த ஒரு நாள் மேற்பார்வையாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கொதிகலன் பிரிவு ஆள் ஒருவரின் இடுப்பு புடைத்திருக்கிறது, பிடி என்றார். நான் ஆணிப் பக்கம் போகவில்லை. தொப்பியோடு நேரே போய்ப் பிடித்தேன். இடுப்பில் இருந்தது மடித்து வைத்த துண்டு. வேறு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு இருபது வருடம் அந்த ஆள் அதே வாசல் வழியாகப் போனார். அந்தக் குழாயில் மட்டும் தண்ணீர் குடிக்கவில்லை.

மகள் இன்னும் கேன்டீனிலேயே இருந்தாள். ஆணியைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயதில் அவள் வாசலில் நின்ற இடத்திலிருந்து காவல் அறைக்குள் தெரியாது. தொப்பி இல்லாமல் நான் வெளியே வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறாள், அது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது.

"அன்னைக்குக் கழட்டினீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாசலில் எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "இல்ல," என்றேன். மேற்பார்வையாளர் நின்றதையும், துண்டையும் சொன்னேன்.

அவள் மேசையில் காலியாகக் கிடந்த காகித டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள். பிறகு மெதுவாக, "ஆனா கணக்கு முடிஞ்சிடுச்சேப்பா" என்றாள்.

நான் நேரே தாடிக்காரரிடம் போனேன். நான் இந்தப் பெண்ணின் அப்பா, சொந்தக்காரனை உள்ளே விட்டது உங்கள் வாசலின் லட்சணம், என் கணக்கு செல்லாது, இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. என் எதிரிலேயே அவளைப் பிடித்து நல்ல திட்டு திட்டினார். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேலை இருக்காது என்றார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். கடைசியில் நாளைக்குப் பத்து மணிக்கு ஒரே ஒரு ஆள், அதோடு முடிந்தது என்றார். பெரியவரே, நீங்கள் அறைப் பக்கம் வரக் கூடாது என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கலாமா என்றேன். வாயைத் திறக்காமல் நிற்பதானால் நிற்கலாம் என்றார்.

மறுநாள் அகப்பட்டவர் லிஃப்ட் மெக்கானிக். உதிரி பாகம் வரும்வரை சும்மா இருந்தவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மகள் வீட்டுக்கே வரவில்லை, அதே சட்டையோடு நின்றாள்.

மெக்கானிக் செத்தார். மறுபடி செத்தார். எட்டாவது தடவை தண்ணீர் குடிக்கப் போனபோது நான் பார்த்தேன். காவல்காரன் பாயவில்லை. சாவிக்கொத்தை வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, கதவின் ஆணியில் மாட்டினான். அதற்குப் பிறகுதான் வந்தான். மெக்கானிக் ஒன்பதாவது தடவையும் அதைக் கவனிக்கவில்லை. பத்தாவதில், "அட, தொப்பி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உருண்டு தப்பித்தார். அதற்குப் பிறகு அவர் முதுகு நாற்காலியில் சாயவே இல்லை.

காவல்காரனின் உயிர் முக்கால்வாசி குறைந்திருந்தபோது மணி அடித்தது.

மெக்கானிக் எழுந்துவிட்டார்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் எழுந்தவர் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே விளையாடினார். தாடிக்காரர், எழுந்தால் எழுந்ததுதான், நாற்காலிதான் கணக்கு என்று முணுமுணுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றேன்.

அப்போது டிவியில் கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொருவன் வந்தான். சண்டை போடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காவல்காரனின் தோளுக்குப் பின்னால் நின்றான், அவ்வளவுதான். மெக்கானிக் தண்ணீர் பட்டனை அழுத்தினார், ஆணியைப் பார்த்தபடி தயாராக நின்றார். தொப்பி கழலவில்லை. காவல்காரன் தொப்பியோடு வந்து பின்னாலிருந்து காலரைப் பிடித்துச் சாய்த்தான்.

முழுசாக வைத்துவிட்டாள். ஒன்றையும் விடவில்லை. நான் அவள் பக்கம் பார்க்கவில்லை, அவளும் என் பக்கம் பார்க்கவில்லை.

மெக்கானிக் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். உதிரி பாகம் வந்துவிட்டது என்று யாரோ கதவைத் திறந்து சொன்னார்கள்.

"வெச்சிட்டுப் போ. அவன் வந்து நின்னா இவன் தொப்பியக் கழட்ட மாட்டான், அப்ப குடிக்கக் கூடாது. தெரிஞ்சுபோச்சு. இன்னும் ஒரே தடவ."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாடிக்காரர் தாடியைச் சொறிந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் காகிதத்தில் ஒரு டிக் போட்டார். மகள் என் சட்டைக் கையைப் பிடித்தாள், பிடித்ததை அவளே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நான் டிவியைப் பார்க்கவில்லை. பழைய வழக்கம், மெக்கானிக்கின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பின்னால் கட்டிய அந்த ஆள் மறுபடி வந்து நின்றபோது, மெக்கானிக்குக் கடைசிச் சொட்டு உயிர்தான் இருந்தது, குடுவையில் ஒரு மடக்கு மிச்சம் இருந்தது. கட்டைவிரல் தண்ணீர் பட்டன் பக்கம் போகவே இல்லை.