சிவப்பு நூல் கட்டிய குச்சிகள்

குச்சிகள் இடப்பக்கம் திரும்பியிருந்தன. ராக்னி அப்படியே நின்றுவிட்டாள்.

ஈஸ்டருக்கு முன்பே மலைப்பாதை நெடுகப் பனியில் பிர்ச் மரக் குச்சிகளை ஊன்றிவிடுவது வழக்கம். மூடுபனியிலும் அவற்றைப் பார்த்து ஸ்கீ என்னும் பனிச்சறுக்குக் கட்டையில் போனால் வழி தவறாது. மலைச்சரிவுக்குக் கீழே நேராகப் போக வேண்டிய வரிசை, இன்று, இன்னும் கெட்டியாக உறைந்திருந்த ஏரியின் நடுவை நோக்கி வளைந்து போனது. ஒவ்வொரு குச்சியிலும் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது. பழைய பாதையில் வெறும் துளைகள்தான் மிச்சம்.

"யாரோ பிடுங்கி மாத்தி நட்டிருக்காங்க," என்றாள்.

"யாரோ என்ன யாரோ? மலை மேல குடிசையில இருக்கிற ஹால்கிரிம்தான்." ஆராதனைப் பாட்டுக்கு வாசிக்கும் அக்கார்டியன் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார் ஸ்வெர்ரே. "கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத ஆளு. மலை மேலயும் வந்து பாடி என் தூக்கத்தைக் கெடுக்கறீங்கன்னு போன வாரம் கடையில வச்சுச் சண்டை போட்டான். நாம லேட்டா போகணும், அவன் பார்த்துச் சிரிக்கணும். அவ்வளவுதான்."

ராக்னி அந்த ஊர்ப் பாதிரியார். அவள் பையில் ஆராதனையில் கொடுக்க அப்பமும் திராட்சை ரசமும் இருந்தன. மேலே குடிசைகள் இருக்கும் மேட்டில் பதினொரு மணிக்கு ஈஸ்டர் ஆராதனை. போன வருடம் மூடுபனியில் பாதி வழியிலேயே திரும்பிவிட்டாள்; காத்திருந்தவர்கள் ஏமாந்து போனார்கள். இந்த முறை கட்டாயம் வருவேன் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தாள். நேரே போனால் நேரத்துக்குப் போய்விடலாம். ஏரி வழியென்றால் ஒரு மணி நேரம் தாமதமாகும்.

"நேத்துப் போன தடம் அப்படியே இருக்கு பாரு," என்றார் ஸ்வெர்ரே. "எத்தனை பேர் போயிருக்காங்க! வா, வா."

தடம் இருந்தது உண்மைதான். ஆனால் வம்புக்குச் செய்கிறவன் இவ்வளவு பொறுமையாக முடிச்சுப் போட்டுக்கொண்டு இருப்பானா? அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

ஸ்கீக்கோலைப் பனியில் குத்திப் பார்த்தாள். வசந்த காலத்தில் இரவுக் குளிர் பனியை இறுக்கிச் சரிவோடு பிடித்து வைத்துவிடும். காலையில் கோல் பட்டால் டக்கென்று சத்தம் வரும். இன்று கோல் கைப்பிடி வரை இறங்கியது. இழுத்தபோது நுனியில் தண்ணீர் சொட்டியது.

"ராத்திரி இது உறையவே இல்ல, ஸ்வெர்ரே."

"மேல கொஞ்சம் இளகியிருக்கும். எத்தனை வருஷமா நான் போற வழி இது!"

"சரி, அதைப் பாருங்க."

வெயில் பட்ட சரிவில், ஒரு பாறையடியிலிருந்து சிறு பனியுருண்டை தானாகக் கழன்று உருண்டது. வர வர வண்டிச் சக்கரம் போலப் பெருத்தது. அதன் பின்னால் இன்னொன்று.

ஸ்வெர்ரே மேலே குடிசைகள் இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு, "காத்திருந்து பார்த்துட்டுக் கிளம்பிடுவாங்களே," என்றார் மெதுவாக.

அவளுக்கும் அதுதான் வலித்தது. பையின் வாரை இறுக்கினாள். "கிளம்பினா வழியில பிடிச்சு நிறுத்தி அப்பம் கொடுக்கறேன். வாங்க."

ஏரியின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். திரும்பினார்கள். சரிவின் கீழ்ப்பாதி முழுதாக நகர்ந்து வந்தது. கனத்த ஈரப்பனி பழைய தடத்தையும் துளைகளையும் மூடிக்கொண்டு, ஏரிக்கரை வரை வந்து நின்றது.

ஸ்வெர்ரே தொப்பியைக் கழற்றினார். "அக்கார்டியனை நான் இன்ஷூர் பண்ணல," என்றார்.

மேட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை ஆகிவிட்டது. ஒருவரும் கிளம்பியிருக்கவில்லை. சத்தம் கேட்டு எல்லோரும் ஏரியையே பார்த்துக்கொண்டு, கையில் பாதி உரித்த ஆரஞ்சுகளோடு நின்றிருந்தார்கள்.

சற்றுத் தள்ளி, தன் குடிசைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் ஹால்கிரிம். தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. அதாவது, அதன் கீழ்ப்பாதி. மேல்பாதி நூலாகப் பிரிந்து போயிருக்க, வழுக்கை வெயிலில் சிவந்திருந்தது.

"லேட்டு," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் ராக்னி.

"வானம் ராத்திரி பூரா மேகத்தைப் போர்த்திட்டுக் கிடந்துச்சு. கூரையில சொட்டுற சத்தம் விடியற வரைக்கும் நிக்கல. அப்புறம் பனி எங்க உறையும்? தூக்கம் வரல, எழுந்து போனேன்." ஸ்வெர்ரேவைப் பார்த்தார். "உன் பாட்டை விட மோசமான சத்தம்."

ஸ்வெர்ரே ஹால்கிரிமின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ராக்னி தன் நீலத் தொப்பியைக் கழற்றி ஹால்கிரிமின் தலையில் மாட்டினாள். "வெயில் பொசுக்கிடும். ஆராதனை முடிஞ்சதும் வாங்கிக்கறேன்."

"முடிஞ்சதுமா? எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஸ்வெர்ரே எத்தனை பாட்டு வாசிக்கறாரோ அவ்வளவு நேரம்."

ஹால்கிரிம் பெருமூச்சு விட்டார். ஆனால் எழுந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் ஈஸ்டர் காலையில் ஆண்டவரின் கல்லறைக்குப் போன பெண்கள், அதன் வாசலை மூடியிருந்த பெரிய கல்லை யார் புரட்டித் தருவார் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போனதைப் பற்றித்தான் அவள் பேச வந்திருந்தாள். அதையே பேசினாள். அவர்கள் போவதற்கு முன்பே அது புரட்டப்பட்டிருந்தது என்று சொல்லிவிட்டு, குச்சிகளைப் பற்றிச் சொன்னாள். யார் பெயரையும் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் நீலத் தொப்பி குனிந்துகொண்டது. அவர் ஓர் ஆரஞ்சை உரித்து, பாதியைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார்.