ஃபெர்னானின் தார்ப்பாய்

அக்டோபர் பிறந்துவிட்டால், மாண்ட்ரியலுக்கு வெகு வடக்கே இருக்கும் சிக்கூத்திமி ஊரே கொல்லைப்புறத்தில்தான் இருக்கும். குளிர் வந்து கடிப்பதற்குள் நீச்சல் குளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியாக வேண்டும். ரெஜானும் ஓய்வு பெற்ற நாளிலிருந்து தவறாமல் மூடத்தான் செய்தார். ஆனால் அவர் மூடிவிட்டு இடுப்பை நிமிர்த்தும்போதெல்லாம், அவர் மனைவி கிஸ்லேன் அடுக்களை ஜன்னல் வழியே பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்வாள்.

"ஃபெர்னானோடதைப் பாரேன் ரெஜான். இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு!"

ரெஜானுக்கு வயிறு பற்றி எரியும். பொய்யில்லை, ஃபெர்னானின் தார்ப்பாயில் ஒரு சுருக்கம் கிடையாது. காக்கை வந்து உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு மாண்ட்ரியலில் போய் விழும். ரெஜானுடையதோ, உறையும் தண்ணீர் சுவரை நெருக்காதிருக்க அடியில் வைத்த காற்றுத் தலையணை நடுவில் துருத்திக்கொண்டு, கரையொதுங்கிய திமிங்கலம் மாதிரி கிடக்கும்.

இந்த வருடம் அந்த 'இஸ்திரி'யைத் தன் பெயருக்கு வாங்கியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டார். தண்ணீரைப் பாதியளவு இறக்கினார். பம்பைக் கழற்றினார். குழாய்களை ஊதி வடித்து அடைப்பான் செருகினார். அதுவரைக்கும் முறைதான். அப்புறம் காற்றுத் தலையணையைத் தூக்கிக் கொட்டகையில் எறிந்தார். தார்ப்பாயின் ஓரக் கம்பியை முறுக்கினார், முறுக்கினார், தரைக்குமேல் நிற்கும் குளத்தின் தகரச் சுவர் முனகி ஜெபம் சொல்லத் தொடங்கும்வரை முறுக்கினார்.

தேவதாரு வேலிக்கு மேலே ஃபெர்னானின் கம்பளிக் குல்லா முளைத்தது.

"யோவ், கொஞ்சம் தொய்வு விடுய்யா! என்னுது தண்ணி மேல படுத்திருக்கு, அதான் சமமாத் தெரியுது. நீ கட்டினது அந்தரத்துல நிக்குது. பனி ஏறினா சுவத்தை உள்ள இழுத்துடும்."

"என்னப்பா, வயித்தெரிச்சலா?"

"எனக்கா? உன் மேலயா?"

ஃபெர்னான் சிரித்தார். சிரித்தபடியே ரெஜானின் தார்ப்பாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணால் மேய்ந்துவிட்டுத்தான் குல்லா இறங்கியது.

சாயங்காலம் வேலிக்கு அப்பாலிருந்து கிறீச், கிறீச் என்று கம்பி முறுக்கும் சத்தம். ரெஜான் பூரித்துப் போய் இறைச்சிப் பணியாரத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார்.

"எப்படியிருக்கு நம்ம குளம்?" என்று மனைவியிடம் மெல்ல நூல்விட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. சூப் ஆறுது, குடி."

இஸ்திரி வரவில்லை. பொறுத்துக்கொண்டார்.

டிசம்பரில் வானம் வீட்டைக் காலிபண்ணிக் கொட்டினாற்போல் பனி பெய்தது. காலையில் ரெஜான் கதவைத் தள்ளித் திறந்து பார்த்தால், குளத்தின் சுவர் உள்நோக்கிச் சரிந்து, யாரோ மேலே உட்கார்ந்த தொப்பி மாதிரி நசுங்கிக் கிடந்தது. அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் அதற்குமுன் ஒரு வேலை பாக்கியிருந்தது. இடுப்பளவு பனியை நீந்திப் போய் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

ஃபெர்னானுடையதும் நசுங்கியிருந்தது! அதன் பக்கத்தில் ஃபெர்னான் மண்வெட்டியும் கையுமாக நின்றார்.

"தொய்வு விடணும்னு எவனோ சொன்னானேய்யா?" என்றார் ரெஜான்.

"போய்த் தொலை!"

பத்து வயது குறைந்தவராக ரெஜான் வீட்டுக்குத் திரும்பினார். கிஸ்லேன் ஜன்னலோரம் காப்பிக் கோப்பையோடு நின்று இரண்டு குளங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனுதும் போச்சு, பாத்தியா?" என்றார் ரெஜான்.

"பாத்தேன். ஆனா அவரோடது சுத்திவர எவ்வளவு சமமா மடிஞ்சிருக்கு பாரேன் ரெஜான். இஸ்திரி போட்ட மாதிரி!"