முன்னேற்பாட்டு வீடுகள்

எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் தேங்கி நிற்கும் காலத்துக்கு முன்னேற்பாடாக, வரிசையில் நிற்கும் ஒவ்வொரு டிரைவருக்கும் அவரவர் வீட்டை அங்கேயே அமைத்துத் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. வீடு என்பது வீட்டிலிருப்பவர்களையும் சேர்த்துத்தான் என்று அறிவிப்பின் கடைசி வரியில் இருந்தது.

சங்ககிரியில் யாரும் நம்பவில்லை. மழைக்கு முன்னேற்பாடு என்று போன வருஷம் பாலத்தடியில் மணல் மூட்டைகளை இறக்கி, மூட்டைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்ப ஏற்றிக்கொண்டு போனவர்கள்தானே என்று லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் சிரித்தார்கள்.

"லாரி நிக்கவே எடமில்ல. இதுல வூடு வேற கட்டித் தர்றாங்களாமா" என்றார் ஒரு பட்டறைக்காரர்.

டிரைவர் செங்கோட்டுவேலின் மனைவி சாந்தாமணிக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்தது. கடைக்குப் போகிற சாக்கில் பட்டறை வழியாக நடந்து, இன்னும் யாரும் நம்பவில்லை என்பதைக் கேட்டுக்கொண்டு வருவாள். கேட்ட அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது.

ஏனென்றால் அவள் வீட்டுக்கு அளவெடுக்க ஆட்கள் வந்து போயிருந்தார்கள். கணவன் ஊரிலிருந்த ஒரு நாளில் இரண்டு பெண்கள் வந்து சமையலறையை அளந்தார்கள். பிறகு உட்கார்ந்து அவளையும் ஒரு பகல் முழுக்கப் பார்த்தார்கள். அரசாங்கத்து ஆட்கள் வீடு தேடி வந்திருக்கிறார்களே என்று சாந்தாமணி நல்ல புடவை கட்டி, அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, நெய்யைத் தாராளமாக விட்டாள். கணவனிடம் சிரித்துக்கொண்டே பேசினாள். அவன் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டபோதும் அன்றைக்கு மட்டும் திட்டவில்லை. அவர்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார்கள்.

இப்போது செங்கோட்டுவேலின் லாரி எல்லையில் ஒரு மாதமாக நின்றது. போனில் அவன் தாமதத்தைப் பற்றிக் குறையே சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் "ஆச்சு" என்றான். ஒரு தரம் அவன் குரலுக்குப் பின்னால் யாரோ கடுகு தாளித்தார்கள். மறுநாள் அவள் எல்லைக்குப் புறப்பட்டாள்.

அங்கே வரிசை நெடுக, லாரிக்கு ஒன்றாகச் சக்கரம் வைத்த வீடுகள் நின்றன. லாரி நகர்ந்தால் வீடும் நகரும். தன் வீட்டுப் பச்சைக் கதவை அவள் தூரத்திலேயே கண்டுகொண்டு, போய்த் தட்டினாள். திறந்தவள் நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"வாங்க, வாங்க. ஆபீஸ்ல இருந்துங்களா?"

"நான் சாந்தாமணி."

"நானும்தானுங்க. உள்ள வாங்க, சாப்புடலாம்."

கட்டில்மேல் ஈரத் துண்டு கிடந்தது. செங்கோட்டுவேல் எழுந்து நின்று, வெளியாளுக்குச் சொல்வதுபோல, உட்காருங்க என்றான். சாந்தாமணி சாதத்தை ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். அளவெடுக்க வந்த அன்றைக்கு அவள் ஆக்கியதைப் போலவே இருந்தது. அதற்குப் பிறகு அவளுக்கே அந்தப் பக்குவம் வரவில்லை.

ஊருக்குக் கிளம்பு என்று கணவனிடம் சொன்னாள். வரிசையை விட்டுவிட்டு எப்படிங்க வருவது என்று கேட்டான். அவளை அவன் ஒருநாளும் ங்க போட்டுப் பேசியதில்லை.

ஒரு வீட்டில் இரண்டு சாந்தாமணிகள் என்ற தகவல் போய், மதியம் ஓர் அதிகாரி வந்தார். அளவெடுத்த குறிப்போடு யார் பொருந்துகிறார் என்று பார்க்க, இருவரையும் செங்கோட்டுவேலுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். மற்றவள் ஆற்றிக் கொடுத்தாள். சாந்தாமணி டம்ளரை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"ஒரு மாசமா துண்டு அங்கயே ஊறிக் கெடக்குது. உனக்குக் கையில்ல, இவளுக்கு வாயில்ல. நல்ல பொருத்தந்தான் போ."

செங்கோட்டுவேல் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டான். பொருந்தவில்லை என்றார் அதிகாரி. ஆனால் பின்னால் நிற்கும் லாரியின் வீட்டில் ஓர் இடம் காலியாக இருப்பதாகச் சொன்னார். ஞானமுத்து என்ற தூத்துக்குடி டிரைவர், தனக்கு அமைத்துக் கொடுத்த வீட்டில் சத்தமே இல்லை, தூக்கம் பிடிக்கவில்லை என்று புகார் கொடுத்திருந்தார். சத்தம் போடத் தோதான ஆள் கிடைக்காமல் இருந்தது.

"அந்த வூட்டு ஜன்னல் எந்தப் பக்கமுங்க?" என்று சாந்தாமணி கேட்டாள்.

"இந்த வீட்டப் பாத்துதாம்மா."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞானமுத்து செருப்போடு உள்ளே வந்தார். அவள் ஆரம்பித்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நன்றாகத் தூங்கினார். தினமும் அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் திட்டினாள். முன்வீட்டில் செங்கோட்டுவேல் தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். மற்றவள் இன்னும் கொஞ்சம் நெய் விட வந்தாள். வேண்டாமென்றான்.

அவன் கேபினில் உட்கார்ந்தால் பின்வீடு முதுகுப் பக்கம் இருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் வாசல் மட்டும் தெரிந்தது. வாசலில் ஞானமுத்துவின் செருப்பு இப்போது ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. சில நாட்கள் அதையே பார்த்தான். ஒரு காலையில் லாரியையும் வீட்டையும் ஓரம் கட்டி, பின்னாலிருந்த லாரிக்குக் கைகாட்டி வழிவிட்டான். ஞானமுத்துவின் லாரியும் வீடும் முன்னால் போயின. செங்கோட்டுவேல் பின்னிடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, என்ஜினை அணைத்து, இப்போது கண்ணெதிரே நின்ற அந்த வீடு தெரிய முன்கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தான்.

ஒரு லாரி ஓரிடம் முன்னேறியதை வைத்து, வரிசை நகரத் தொடங்கிவிட்டதாக அன்று மதியமே அரசாங்கம் அறிவித்தது.