இரண்டாவது ஆளிடமும் கேட்டவள்

தஞ்சாவூர் லேபில் பி.எச்.டி.க்கு ஒரே ஓர் இடம். தேர்வானவள் ஆஷிகா, காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் செம்மொழி. திருவாரூரில் எம்.எஸ்சி. படித்த இரண்டு வருஷமும் இதே வரிசைதான். நோட்டீஸ் போர்டில் ஆஷிகாவுக்குக் கீழே செம்மொழி, பரிசளிப்பு மேடையில் ஆஷிகாவுக்குப் பின்னால் செம்மொழி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் கைபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டே ஒருத்தியைப் பார்த்து இவ்வளவு வயிறெரிய முடியுமா என்று அவளுக்கே சில சமயம் ஆச்சரியமாக இருக்கும். முடியும். அவளுக்கு நன்றாகவே முடிந்தது.

ஆஷிகாவுக்குப் பெங்களூரிலும் இடம் கிடைத்திருந்தது, பெயர் சொன்னாலே ஊர் வாயைப் பிளக்கும் நிறுவனத்தில். செம்மொழியை அங்கே நேர்காணலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஷிகா பெங்களூர் போனால் தஞ்சாவூர் இடம் செம்மொழிக்கு. போகாவிட்டால் செம்மொழிக்கு இந்த வருஷம் ஒன்றும் இல்லை, நன்னிலத்துக்குத் திரும்பி வீட்டில் உட்கார வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைக்குள் ஆஷிகா பதில் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை ஆஷிகா கேட்டாள். "பெங்களூர்ல நான் சேரலாம்னு நெனைக்கிற அந்தப் பெரிய சார் லேப்லதானே நம்ம சீனியர் வானதி அக்கா இருக்காங்க? உனக்குத்தான் நல்லாப் பழக்கம். லேப் எப்படின்னு கேட்டுச் சொல்றியாடி?"

இப்படிக் கேட்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததே செம்மொழிதான். அவள் அப்பா தங்கையன் விதைநெல் வாங்கும் விதம் அது. கடைக்காரர் சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். போன போகத்தில் அந்த விதையைப் போட்டு அறுத்தவரைத் தேடிப் போய் விசாரிப்பார். அதோடும் விடமாட்டார், வேறு ஊரில் அதே விதையைப் போட்ட இன்னொருவரையும் பார்த்த பிறகுதான் மூட்டையில் கைவைப்பார். "ஒருத்தருக்குக் கோவம் இருக்கும், இல்ல ஆசை இருக்கும். ரெண்டு பேர்கிட்ட கேட்டாத்தான் வெளங்கும்" என்பார். லேபையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், வெப்சைட்டைப் பார்க்காதே, அங்கே கிடந்து உழல்கிறவர்களைக் கேள் என்று கேண்டீனில் ஒருநாள் செம்மொழி பெருமையாக வகுப்பே எடுத்திருந்தாள்.

வானதி போனில் கொட்டித் தீர்த்தாள். "ஆறு வருஷமாச்சு, இன்னும் தீசிஸ் எழுத விடல. மாசத்துல இருபது நாள் சார் வெளிநாட்டுல இருக்கார். எட்டு பேர் சேர்ந்தோம், மூணு பேர் ஓடியே போயிட்டாங்க. உங்க தஞ்சாவூர் கவிப்ரியா மேடம்கிட்ட சேர்ந்தவங்க எல்லாரும் அஞ்சு வருஷத்துல முடிச்சிருக்காங்க. கைடு சரியில்லன்னா கட்டடம் பெருசா இருந்து என்ன பண்றது?"

செம்மொழி நேரே ஆஷிகாவிடம் போனாள். "சூப்பர் லேபாம். சார் பக்கத்துலயே நின்னு சொல்லித் தருவாராம். கண்ணை மூடிக்கிட்டு சேரச் சொன்னாங்க."

குரல் பிசிறவே இல்லை. அதை நினைத்து அன்றிரவு அவளுக்கே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆஷிகா பெங்களூர் என்று எழுதிவிட்டாள். திங்கட்கிழமை தஞ்சாவூரிலிருந்து செம்மொழிக்கு மெயில் வந்தது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் திருவாரூரில் ஆஷிகாவின் அத்தா ஜெக்கரியா தன் ஜவுளிக்கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அல்வா கொடுத்துக்கொண்டிருந்தார். தங்கையனோ, "அந்தப் புள்ளைக்குப் பெங்களூராமே, உனக்கு அங்க கெடைக்கலையாம்மா?" என்று கேட்டார். ஒருத்தியைத் தானே குழியில் தள்ளிவிட்டு, அந்தக் குழிக்காகவும் பொறாமைப்பட்டவள் உலகத்தில் செம்மொழி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மூன்று வாரம் கழித்து, தஞ்சாவூர் ரயில் நிலையத்துக்கு ஆஷிகாவை வழியனுப்பப் போனாள். ஜெக்கரியா தண்ணீர் பாட்டில் வாங்க நகர்ந்ததும் ஆஷிகா சொன்னாள்.

"நான் அந்தப் பெரிய சார்கிட்ட சேரப் போறதில்ல."

"அப்புறம்?"

"அங்க மொத ஆறு மாசம் மூணு லேப்ல மாறி மாறி வேலை பார்க்கணும். அதுக்கப்புறம்தான் கைடு யாருன்னு முடிவாகும். நான் கேட்டிருக்கிற மூணுல அவர் லேப் இல்ல."

"இதெல்லாம் யாரு சொன்னா உனக்கு?"

"சேரன்னு ஒருத்தர். அந்த சார்கிட்டேருந்து விலகி, அங்கேயே வேற மேடம்கிட்ட சேர்ந்து நல்லா இருக்கார். வானதி அக்காதான் நம்பர் கொடுத்தாங்க." ஆஷிகா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஒருத்தர் சொன்னா போதாதுன்னு நீதானே சொல்லித் தந்த. அதான் வியாழக்கிழமை நானே அக்காவுக்குப் போன் பண்ணினேன்."

வியாழக்கிழமை. பொய் சொன்ன மறுநாள்.

"அப்ப, நான் சொன்னது..."

"அதை அக்காகிட்ட சொல்லல. உங்கப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன்." ஆஷிகா அவளை நேராகப் பார்த்தாள். "நீயே வந்து சொல்லுவேன்னு மூணு வாரம் பார்த்தேன். இனிமே எனக்குப் போன் பண்ணாத."

ரயில் கிளம்பிப் போனது. செம்மொழி நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு முன்னால் வந்தது வேறொன்று. விதைநெல் விசாரிக்கப் போகும் அப்பாவின் சைக்கிளில் உட்கார்ந்து போய் வளர்ந்தவள் அவள். அவளே வானதி ஒருத்தியிடம் கேட்டதோடு நின்றுவிட்டாள். ஜவுளிக்கடைக்காரர் மகள் இரண்டாவது ஆளிடமும் கேட்டிருக்கிறாள். இதிலும் ஆஷிகாதான் முதல் என்று நினைத்தபோது, அழுகைக்கு நடுவிலும் செம்மொழிக்கு வயிறு எரிந்தது.