பரஸ்தானம் வைத்த பை

கப்பலில் ஏறுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி, இறங்கிய பிறகு இரண்டு ராத்திரி சிங்கப்பூர் ஹோட்டலில் தங்க வேண்டும் என்று ஜ்யோத்ஸ்னா சொன்னதும் தட்சிணாமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கு ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் முதலில் கண்ணாடிதான் சுத்தமாகும். இத்தனை வருஷம் குடித்தனம் செய்த மனைவி வசுமதிக்கு இது தெரியும். மருமகளுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு லேப்டாப்பைத் திருப்பி வைத்து ஹோட்டல் அறையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"சிங்கப்பூர்ல என் சித்தப்பா பேரன் இருக்கானே," என்றார். "வெள்ளிக்கிழமை கார்த்தால போய் இறங்கினா அவன் ஆத்துல குளிச்சு, சாப்டுட்டு, மத்தியானம் நேரா கப்பல். ஹோட்டல் என்னத்துக்கு, தண்டத்துக்கு?"

"அவரை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்கப்பா?"

"அவன் பூணல்ல."

ஜ்யோத்ஸ்னா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் லீவுப் பயணம் என்றால் ரயிலில் போய் இறங்குவது, இறங்கிய ஊரில் யாராவது ஒரு அத்தானையோ அம்மாஞ்சியையோ கண்டுபிடித்து அவர்கள் கூடத்தில் பாயை விரிப்பது என்றுதான் வழக்கம். சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு அவர் போனதே இல்லை. ஹோட்டல் என்பது நாதியற்றவர்களுக்கு என்று இன்னமும் நம்புகிறவர்.

வசுமதிக்குங்கூட அந்தப் பெண் கொஞ்சம் ஓவராகத்தான் போகிறாளோ என்று தோன்றியது. ஆனால் அவளுக்கு வேண்டியதெல்லாம் மேகலாவைப் பார்ப்பது ஒன்றுதான்.

மேகலா அவளுடைய தங்கை. பெர்த்தில் இருக்கிறாள். அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் பார்த்து ஏழு வருஷமாகிறது. நடுவில் அம்மா போனபோதுகூடச் சேர்ந்து உட்கார்ந்து அழக் கொடுத்து வைக்கவில்லை. மேகலாவுக்கு ஆஸ்துமா முற்றிவிட்டது. தில்லிக் காற்றில் காலை வைக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வசுமதியின் முழங்கால் பெர்த் வரைக்கும் உட்கார்ந்து போக ஒத்துக்கொள்ளாது. வீடியோவில் தினமும் பேசினார்கள். ஆனால் போன வாரம் மேகலா, "உன் கை எப்படி இருக்கும்னே மறந்து போச்சுடி," என்றாள். அதை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜ்யோத்ஸ்னாதான் அன்று சாயங்காலமே இந்தக் கப்பலைக் கண்டுபிடித்தாள். சிங்கப்பூரில் கிளம்பி, பினாங்கு, ஃபுகெட் என்று சுற்றிவிட்டு சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும். இருவருக்கும் பாதி வழி.

கடைசியில் ஜ்யோத்ஸ்னா சொன்னதே நடந்தது. புதன்கிழமை ராத்திரி தில்லியில் விமானம். வியாழன் சிங்கப்பூர் ஹோட்டல். மேகலாவும் அன்று மத்தியானம் அதே ஹோட்டலுக்கு வந்துவிடுவாள். வெள்ளி மதியம் கப்பல்.

தட்சிணாமூர்த்தி பஞ்சாங்கத்தை எடுத்தார். புதன் அஷ்டமி, வியாழன் நவமி. இதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள், அதற்கு முந்தைய நல்ல நாளில், நல்ல நேரம் பார்த்து, பயணச் சாமான் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம் வைப்பது என்று பெயர். பை கிளம்பினால் ஆளும் கிளம்பின கணக்கு. நிஜமாகக் கிளம்புகிற அன்று போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். மறுபடி வீட்டுக்குள் மட்டும் கொண்டுவரக்கூடாது.

திங்கட்கிழமை காலையில் எதிர் ஃபிளாட் மல்ஹோத்ரா வீட்டில் பரஸ்தானம் வைத்தார். மல்ஹோத்ராவுக்கு இது புதிதில்லை. "வைங்க பாய்சாப், உங்க பை என் பை," என்று ஹிந்தியில் சொல்லி, சோபாவுக்குப் பக்கத்தில் ராஜ உபசாரமாக வைத்துக்கொண்டார்.

ஜ்யோத்ஸ்னா இதைக் கேட்டுவிட்டு, "அச்சா, அப்போ பை முன்னாடி போகுது, நீங்க பின்னாடி போய்ச் சேர்ந்துக்கறீங்க. எனக்குப் புரியுது," என்றாள். கேலியா, நிஜமா என்று வசுமதிக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் டாக்ஸி கீழே வந்து நின்றது. பெட்டிகளை இறக்கியாயிற்று. வசுமதி சுவாமிக்கு நமஸ்காரம் பண்ணிவிட்டு வந்தாள். தட்சிணாமூர்த்தி எதிர் ஃபிளாட்டின் மணியை அடித்தார். யாரும் திறக்கவில்லை. கதவில் பூட்டு தொங்கியது.

"பாவம் மல்ஹோத்ரா ஜி," என்றாள் படியேறி வந்த மாடி வீட்டுக்காரி. "லூதியானாவிலே அவர் தங்கை புருஷன் மாடிப்படியிலே விழுந்துட்டாராம். மத்தியானமே ஓடினாங்க ரெண்டு பேரும்."

"போகட்டும், பை இருந்தா இருக்கட்டும்," என்றாள் வசுமதி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மேகலாவுக்காகத் தேடித் தேடி வாங்கின அப்பளமும் மணத்தக்காளி வத்தலும் அதில்தான் இருந்தன. ஆனால் வத்தலுக்காக விமானத்தை விட முடியுமா. "வாங்கோ, நாழியாறது."

அவர் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை; கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன?"

"பாஸ்போர்ட்டும் அதுலதான் இருக்கு."

வசுமதி பூட்டை ஒரு தரம் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"வெறும் வத்தலை வெச்சா அது பரஸ்தானமாடி? எது இல்லாம நம்மால கிளம்பவே முடியாதோ அதை வெக்கணும். அப்பா அப்படித்தான் சொல்லியிருக்கார்."

சாஸ்திரத்தை ஒரு புள்ளி பிசகாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அன்று அந்த வராந்தாவில் நின்றவர்களே சாட்சி.

மல்ஹோத்ராவின் போன் அணைந்திருந்தது. அவர் மனைவி போனைச் சமையலறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். அடிக்கும்போதெல்லாம் பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பஜனைப் பாட்டு கேட்டது. ஆபீசிலிருந்து வந்த ஜ்யோத்ஸ்னா லிஃப்டை விட்டு இறங்கினதும் மூன்றே கேள்வி கேட்டாள். பிறகு டாக்ஸியை அனுப்பிவிட்டாள். மல்ஹோத்ரா ஒருவழியாகத் திரும்பக் கூப்பிட்டபோது விமானம் கிளம்பிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. வாசலில் போனை அணைக்கச் சொல்லிவிட்டார்களாம். விஷயத்தைக் கேட்டு மனுஷன் துடித்துப் போனார். "பூட்டை உடைங்க பாய்சாப். கதவையும் சேர்த்து உடைங்க, பரவாயில்லை." தங்கை புருஷன் மயக்கமாகக் கிடக்கும்போது இப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். வசுமதி லூதியானா இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மார்க்கெட்டிலிருந்து சாவிக்காரன் வந்து கதவுக்கு வலிக்காமல் பூட்டை எடுத்தான். பை கிடைத்தது. ஆனால் தட்சிணாமூர்த்தி அதை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பரஸ்தானம் வைத்த பை வீட்டுக்குள் வரக்கூடாதாம்.

வசுமதிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இன்னும் என்ன பாக்கி இருக்கு, வர்றதுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் ஊஞ்சல் பலகையில் சாய்ந்தாள். மேகலா நாளைக்கு மத்தியானம் அந்த ஹோட்டல் வாசலில் தனியாக வந்து நிற்பாள். மறுநாள் அவள் மட்டும் கப்பலில் ஏறுவாள், இல்லையென்றால் ஏறாமல் திரும்பிப் போவாள். இருமிக்கொண்டே இத்தனை தூரம் வருகிறவள். இனிமேல் எப்போது? அவளுக்கும் அறுபத்திநாலு ஆகிறது. ஏழு வருஷம் பொறுத்தாயிற்று, இன்னொரு ஏழு வருஷம் யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்? பிள்ளை கௌஷிக் குவாஹாட்டி டூரில் இருந்தான்; அவனைக் கூப்பிட்டு அழக்கூடத் தோன்றவில்லை.

சமையலறையில் ஜ்யோத்ஸ்னா போனில் பேசுகிற சத்தம் கேட்டது. முதலில் விமானக் கம்பெனி. பிறகு சிங்கப்பூர் ஹோட்டல். ஆங்கிலத்தில் பேசினாலும் அவள் குரலில் பதற்றமில்லை என்பது வசுமதிக்குத் தெரிந்தது. கடைசியாக, "மேகலா சித்தி, நான் ஜ்யோத்ஸ்னா," என்று தமிழில் ஆரம்பித்ததும் வசுமதி எழுந்து போய் வாசற்படியில் நின்றாள்.

"நீங்க நாளைக்குப் போனதும் உங்க ரூம் மட்டும் வாங்கிக்காதீங்க சித்தி. அம்மா ரூம் சாவியும் சேர்த்து வாங்கிக்கணும். ஹோட்டல்ல சொல்லிட்டேன், உங்க பேரையும் அந்த ரூம்ல சேர்த்தாச்சு. யாருமே போகலைன்னா ஆளே வரலைன்னு கேன்சல் பண்ணிடுவாங்க. திரும்பி வந்து தங்கற ரெண்டு நாளும் அதே புக்கிங்தான், அதுவும் போயிடும். அம்மா வெள்ளிக்கிழமை கார்த்தால நேரா ரூமுக்கே வந்துடுவாங்க. மத்தவங்களுக்கு மத்தியானம்தான் ரூம் தருவாங்க. இது ராத்திரிக்கே எடுத்த ரூம், அதனால வந்ததும் குளிச்சு, ரெஸ்ட் எடுத்து, கப்பலுக்குப் போகலாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நாளைக்கு ராத்திரி ஃப்ளைட்ல ரெண்டு சீட் கிடைச்சிடுச்சும்மா. டென்ஷன் வேண்டாம். கப்பலைப் பிடிச்சிடலாம்."

வசுமதி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சொன்னபடி ஒரு நாள் கழித்துக் கிளம்பியிருந்தால் நாளைக்கு இதே பூட்டின் முன்னால் நின்றிருப்பார்கள். கப்பல் போயே போயிருக்கும்.

"உனக்கு எப்படிடி தோணித்து, ஒரு நாள் முன்னாடியே போய் இருக்கணும்னு?"

ஜ்யோத்ஸ்னா பாலை அடுப்பில் வைத்தாள்.

"எங்கப்பாக்கு சென்னைல ஆபரேஷன்னு வெச்சாங்க இல்ல. அன்னிக்குக் காலைல முதல் ஃப்ளைட்ல டிக்கெட் போட்டிருந்தேன். தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி பார்த்துடலாம்னு. தில்லி ஜனவரி, தெரியுமில்ல. ஃபாக். ஏர்போர்ட்லயே உட்கார்ந்திருந்தேன். அப்பா உள்ள போறதுக்கு முன்னாடி, ஜ்யோத்ஸ் வந்துட்டாளான்னு கேட்டாராம். அப்புறம் வெளில வரலை."

ஆபரேஷனில் போய்விட்டார் என்பது வசுமதிக்குத் தெரியும். பதிமூன்றாம் நாளுக்கு அவளும் சென்னைக்குப் போயிருந்தாள். ஆனால் இந்த ஏர்போர்ட், இந்த மூடுபனி, இந்தக் கேள்வி எதையும் இந்தப் பெண் இதுவரை சொன்னதில்லை.

"அதுக்கப்புறம் நான் யாருக்கும் அன்னிக்கே போய்ச் சேர்ற டிக்கெட் போடறதில்லம்மா. ஒரு நாள் முன்னாடி. அவ்வளவுதான்."

பால் பொங்கியது. அவளே அணைத்தாள். வசுமதி எழுந்து அவள் கிட்டே போனாள். மருமகளின் முதுகை ஒரு தரம் தடவினாள்.

ஜ்யோத்ஸ்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். "அப்பா, பை வீட்டுக்குள்ளதானே வரக்கூடாது? என் கார் டிக்கில வெச்சுடலாமா? கார் வீடு இல்லையே. பை கிளம்பினது கிளம்பினதாவே இருக்கும்."

தட்சிணாமூர்த்தி யோசித்தார். சாஸ்திரத்தில் காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து அவளிடம் பையைக் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கேலி இல்லை என்பது இப்போது வசுமதிக்கு விளங்கியது.

"தப்பு என்மேலதாம்மா," என்றார் அவர் மருமகளிடம். "நீ இல்லேன்னா இவ மூஞ்சியில நான் ஆயுசுக்கும் முழிச்சிருக்க முடியாது." அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து வசுமதி கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை சிங்கப்பூர் ஹோட்டலில் லிஃப்ட் நின்றதும் வசுமதிதான் முதலில் இறங்கினாள். சாவி வாங்க வேண்டியிருக்கவில்லை. மணியை அடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மேகலா நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. அக்காவின் இரண்டு கையையும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, முகத்தில் வைத்துக்கொண்டாள். இருவரும் அம்மாவுக்காகச் சேர்ந்து அழ வேண்டிய அழுகையை அந்த வாசலிலேயே அழுதார்கள். தட்சிணாமூர்த்தி கண்ணாடியைத் துடைத்தபடி வெளியிலேயே நின்றார். ஆனால் இந்தத் தடவை அவருக்குப் பிடிக்காத விஷயம் எதுவும் இல்லை.

கொஞ்சம் தெளிந்ததும் வசுமதி கேட்ட முதல் சாமான் போன்தான்.

"சேர்ந்துட்டீங்களா?" என்றாள் ஜ்யோத்ஸ்னா. தில்லியில் இன்னும் விடிந்திருக்கவில்லை. ஆனாலும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சேர்ந்தாச்சு. பக்கத்துலதான் இருக்கா, என் கையை விடமாட்டேங்கறா." வசுமதி ஜன்னல் பக்கம் போனாள். தூரத்தில் கடலும் அதில் வெள்ளைக் கப்பலும் தெரிந்தன. நம் வீடுகளில் மருமகளுக்கு நன்றி சொல்கிற வழக்கமில்லை. அதற்கான சொல்லும் அவளுக்கு வாயில் பழகவில்லை. இருந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள்.

"உனக்குக் கிடைக்காத அந்த ஒரு நாளை எனக்குக் குடுத்துட்டே, ஜ்யோத்ஸ்னா. நான் நன்னா இருக்கேன். நீ நன்னா இருக்கணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஒலி வந்தது.

"அச்சா, சரி," என்றாள் ஜ்யோத்ஸ்னா. "ஜல்தி குளிச்சிட்டு ரெடியாகுங்க. கப்பல் காத்துக்கிட்டிருக்காது."