உப்புத் தண்ணீர் நாற்று

ஜோதிலட்சுமியின் கழனிக்கு நாள் குறித்துவிட்டார்கள். இந்தப் போகமும் நாற்று செத்தால் குடோன் கட்ட நிலம் கேட்கும் குடோன்காரருக்குக் கழனியை விற்றுக் கையெழுத்துப் போட்டுவிடுவதென்று, கணவனின் அண்ணன் வீரராகவன் முடிவுகட்டியிருந்தார். கணவன் பார்த்திபனோ தலையை ஆட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். நல்ல ஆம்பளை!

கவரைப்பேட்டைக்குக் கிழக்கே அந்த ஊரில் போர்வெல் தண்ணீர் உப்பாகிப் பல வருஷமாகிறது. டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் வாங்கித்தான் எல்லோரும் நாற்றங்காலுக்கு விடுவார்கள். நாற்றும் கொழுகொழுவென்று வளரும். பிடுங்கி உப்புக் கழனியில் நட்டதும் கருகிப்போகும். போன போகம் ஜோதிலட்சுமியும் அப்படி நட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அழுத கண்ணில்தான் அது பட்டது. வெள்ளையாய் உப்புப் பூத்த வரப்போரத்தில், உதிர்ந்த நெல் தானாக முளைத்து நின்றது. அடி இலை காய்ந்திருந்தது, குருத்து மட்டும் பச்சை.

இந்த முறை லாரியைத் திருப்பி அனுப்பினாள். உப்புக் கழனியின் மூலையிலேயே விதைத்தாள். முதலில் மழைக்குட்டைத் தண்ணீரில் கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து விட்டாள், பிறகு பாதிக்குப் பாதி, கடைசியில் வெறும் போர் தண்ணீர்தான். பலது செத்தது. மிச்சமெல்லாம் மஞ்சளித்தது.

"இன்னாம்மா, நாத்துக்கு மஞ்சக்காமாலையா?" என்றார் வீரராகவன்.

"உப்பெல்லாம் கெழட்டு எலை வாங்கிக்கினு காயுது மாமா. குருத்தைப் பாருங்க, பச்சையா கீது."

"பேஜாரு புடிச்ச வேலை. பேனாவை எடுத்து வெச்சிக்கோ."

எல்லோரையும்விடத் தாமதமாக, நாற்றை நன்றாக முற்றவிட்டுத்தான் நட்டாள். நடவுக்கு வந்த கங்கம்மாகூட உதட்டைப் பிதுக்கினாள்.

கொஞ்ச நாள் கழித்து வீரராகவன் குடோன்காரரையே வரப்புக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"செத்த நாத்து சார். தொட்டா கையோட வரும், பாருங்க."

குனிந்து இழுத்தார். காய்ந்த இலை மட்டும் கிழிந்து வந்தது. அடுத்ததை இழுத்தார். அதுவும் அப்படியே. ரோஷம் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் ஒன்றைப் பிடித்து இழுத்தார். கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். நாற்று நின்ற இடத்திலேயே நின்றது.

குடோன்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு காருக்கு நடந்தார். ஜோதிலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீரராகவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா மாமா, அதுக்குள்ள உக்காந்துட்டீங்க? கயினி பூரா கீது. இழுங்க, நல்லா இழுத்துப் பாருங்க."